துணிவும் துணிகரமும்



சென்ற மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையைச் சேர்ந்த சகோதரி ஒருவர் கையில் ஒரு தாளுடன் என்னிடம் வந்தார். கோடை விடுமுறையில் நம் வாலிபப் பிள்ளைகளை மூன்று நாள் மலை முகாமுக்கு அழைத்துச் செல்வதற்காகப் பெற்றோருக்கு நாம் அனுப்பியிருந்த சம்மதப் படிவம் அது. ஒற்றையடிப் பாதையில் மலையேற்றம், கயிற்றைப் பிடித்து ஓடையைக் கடத்தல், ஓர் இரவு கூடாரத்தில் தங்குதல் ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருந்தன. "ஐயா, கையெழுத்துப் போட மனம் வரவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போட்டுவிடுகிறேன்" என்றார் அவர்.

அவருடைய அச்சத்திற்குக் காரணம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயை நம்மில் யாரும் மறக்கவில்லை. மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டுபோனார்கள். அவர்களும் நல்ல எண்ணத்தோடு, மகிழ்ச்சியோடு புறப்பட்டுப் போனவர்களே.

"ஒன்றும் ஆகாது, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவது எனக்கு எளிதாயிருந்தது. ஆனால் அது உண்மையன்று. உண்மையல்லாததைச் சொல்லி ஒரு தாயிடம் கையெழுத்து வாங்க எனக்கு மனம் துணியவில்லை. "அடுத்த வாரம் பதில் சொல்கிறேன், அம்மா" என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு வாரத்தில், பிள்ளைகளை வேண்டுமென்றே கடலுக்கும் மலைக்கும் அனுப்பும் கல்விமுறை எப்படித் தோன்றியது, அதில் எவையெவை பிழைத்துப்போயின என்று வாசித்து அறிந்தேன். அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வாரத்துச் சிந்தனை.

இக்கல்விமுறையின் தந்தை என்று கருதப்படுபவர் குர்ட் ஹான். 1886இல் பெர்லின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிள்ளைகளைப் புயலிலும் பனியிலும் பழக்க வேண்டும் என்று போதித்த இவர் ஒரு வீரராய் இருந்திருப்பார் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அப்படியன்று. இளமையிலேயே கடுமையான வெயில் தாக்குதலுக்கு உள்ளாகி, வாழ்நாள் முழுவதும் வெயிலைத் தாங்க இயலாதவராய், அகன்ற விளிம்புள்ள தொப்பியும் இருண்ட அறையுமாகக் காலம் கழித்தவர் அவர். சரீர பலவீனத்தின் எல்லை எது என்பதைத் தம் தேகத்திலேயே அறிந்திருந்த மனிதர்.

1920இல் தென்ஜெர்மனியில் சாலம் என்னும் இடத்தில் அவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் அவருடைய சொந்தச் சோதனை வந்தது. 1932இல் பொட்டெம்பா என்னும் சிற்றூரில் நாஜிப் படையினர் ஒரு தொழிலாளியை அவருடைய தாயின் கண்முன்னே அடித்துக் கொன்றனர். மரண தண்டனை பெற்ற கொலைகாரர்களுக்கு ஹிட்லர் ஆதரவுத் தந்தி அனுப்பினார். அதைக் கண்ட ஹான், தம் பள்ளியின் பழைய மாணவர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதினார். ஹிட்லரோடு நிற்பவர்கள் சாலம் பள்ளியோடுள்ள உறவை முறித்துக்கொள்ளவேண்டும் என்பதே அதன் சாரம். 1933 மார்ச்சில் அவர் சிறை வைக்கப்பட்டார். பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு உள்ளிட்டோர் தலையிட்டபின் விடுதலையாகி, அவ்வாண்டே இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்தார். மாணவர்களை ஆபத்துக்குள் அனுப்புமுன் தாமே ஆபத்தை ஏற்ற ஆசிரியர் அவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்குத் தேவைப்படும்.

1934இல் ஸ்காட்லாந்தின் கடற்கரையோரம் கோர்டன்ஸ்டன் என்னும் பள்ளியை நிறுவினார். அங்கே மாணவர்கள் பாய்மரக் கப்பல் ஓட்டக் கற்றனர். கடலோரக் காவல் பணியிலும் அமர்த்தப்பட்டனர். புயல் இரவுகளில் கரையில் நின்று, ஆபத்திலுள்ள கப்பல் ஏதேனும் தென்படுகிறதா என்று பார்ப்பது அவர்களுடைய கடமை. பிறரை மீட்கும் வேட்கையைப்போல இளைஞனுடைய ஆத்துமாவை எழுப்பக்கூடியது வேறொன்றும் இல்லை என்று ஹான் நம்பினார். நல்ல சமாரியனின் உவமை அவருடைய உள்ளத்திற்கு மிக நெருக்கமானது. 1945இல் அவர் ஞானஸ்நானம் பெற்று ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. அட்லாண்டிக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் வணிகக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தன. லிவர்ப்பூல் நகரத்து 'புளூ ஃபனல்' கப்பல் நிறுவனத்தின் பங்குதாரராகிய லாரன்ஸ் ஹோல்ட் ஒரு செய்தியால் கலங்கினார். கப்பல் மூழ்கியபின் உயிர்காப்புப் படகுகளில் மிதந்தவர்களுள், திடகாத்திரமான இளம் மாலுமிகளே முதலில் மடிகிறார்கள் என்றும், பாய்மரக் காலத்தில் பழகிய முதிய மாலுமிகள் தாக்குப்பிடித்துக் கரையேறுகிறார்கள் என்றும் அவர் கண்டார். இளைஞர்களுக்குப் பலம் இருந்தது. ஆனால் நீராவிக் கப்பலின் இயந்திரங்களுக்கு இடையே வளர்ந்த அவர்கள், குளிரும் அலையும் நம்பிக்கையின்மையும் ஒருசேரத் தாக்கும் நிலையைத் தங்கள் வாழ்வில் ஒருமுறையேனும் கண்டதில்லை என்பதே அவருடைய முடிவு.

ஹோல்டின் பொருளுதவியோடு ஹான் 1941இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்னும் கடற்கரை ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 'அவுட்வர்ட் பவுண்ட்' என்று அதற்குப் பெயரிட்டவர் ஹோல்ட். துறைமுகத்தை விட்டு வெளிக்கடலை நோக்கிப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் மாலுமிகளின் சொல் அது. ஏறக்குறைய ஒரு மாதப் பயிற்சி. இளம் மாலுமிகளோடு, தொழிற்சாலைப் பயிலுநர்களும் பள்ளி மாணவர்களும் சேர்ந்தார்கள். சிறுபடகு ஓட்டுதல், வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி கண்டுபிடித்தல், மீட்புப் பயிற்சி, கடற்பயணம், மலைகளைக் கடக்கும் நெடுநடை, உள்ளூர் மக்களுக்குத் தொண்டு ஆகியவை பாடத்திட்டம். கடலையும் மலையையும் ஆசிரியராகக் கொண்டு மனிதரை உருவாக்குவதே அதன் குறிக்கோள். போருக்குப்பின் அவ்வியக்கம் பல நாடுகளுக்குப் பரவிற்று. இன்று உலகெங்கும் நடைபெறும் சாகசக் கல்வி முகாம்களில் பலவற்றுக்கு வேர் அபர்டோவியில் இருக்கிறது.

அபர்டோவி நமக்குச் சொல்லும் முதலாவது பாடம் இது: பிள்ளையை ஆபத்திலிருந்து முழுவதுமாய் விலக்கி வைப்பதும் ஒரு ஆபத்தே. அதன் விலை உடனே தெரிவதில்லை. வேறொரு நாளில், வேறொரு கடலில், நாம் அருகில் இல்லாத வேளையில் அது செலுத்தப்படுகிறது. கரையிலே சிறிய அலைகளைச் சந்திக்காத வாலிபன், நடுக்கடலில் பெரிய அலையைச் சந்தித்தபோது அவனோடு அவனுடைய தாயும் இல்லை, ஆசிரியரும் இல்லை. "என் பிள்ளையை எங்கும் அனுப்பமாட்டேன்" என்று சொல்லும் பெற்றோரை நான் குறைகூறவில்லை. ஆனால் அந்த முடிவும் செலவில்லாத முடிவு அல்ல என்பதை அன்போடு நினைவூட்டுகிறேன்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நம் முகாமுக்கு நல்ல விளம்பரமாக இருக்கும். ஆனால் சரித்திரம் அங்கே நிற்கவில்லை.

1971 நவம்பர். ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம் மலைப்பீடபூமி. எடின்பரோ நகரத்துப் பள்ளி ஒன்றைச் சேர்ந்த பதினான்கு மாணவ மாணவியர், பதினைந்து வயதை ஒட்டியவர்கள், வார இறுதி மலைப்பயணமாகச் சென்றனர். திறமை மிகுந்தவர்கள் ஒரு குழுவாகவும், மற்ற ஆறுபேர் இன்னொரு குழுவாகவும் பிரிக்கப்பட்டனர். இரு குழுக்களும் இரவில் தங்குவதற்கு மலையுச்சியிலுள்ள ஒரு சிறு குடிலை நம்பியிருந்தன. பனிப்புயல் எழும்பிற்று. முதற்குழு குடிலை அடைந்தது. இரண்டாம் குழு அடையவில்லை. அக்குழுவை நடத்தியவர் இருபது வயதளவிலான ஒரு கல்லூரி மாணவி; அவருக்குத் துணையாகப் பதினெட்டு வயதுப் பெண் ஒருவர். வெட்டவெளியில், பனிக்குள்ளே இரண்டு இரவுகள் கழிந்தன. மூன்றாம் நாள் உதவி தேடித் தவழ்ந்துவந்த தலைவியை ஹெலிகாப்டரில் தேடியவர்கள் கண்டார்கள். அவரும் ஒரு மாணவனும் மட்டுமே பிழைத்தனர். ஐந்து மாணவர்களும் அந்தத் துணைத்தலைவியும் மரித்துப்போயினர்.

அதன்பின் நடந்த விசாரணையில் பல கேள்விகள் எழுந்தன. குழுவை நடத்துவோரின் தகுதி என்ன? பிள்ளைகளின் பயிற்சியும் உடல்நிலையும் அப்பயணத்திற்குப் போதுமா? பிள்ளை எப்படிப்பட்ட இடத்திற்குப் போகிறது என்பது பெற்றோருக்கு முழுமையாகத் தெரிவிக்கப்பட்டதா? இவற்றோடு இன்னொரு விவாதமும் பல ஆண்டுகள் நீடித்தது. அது அந்தக் குடிலைப் பற்றியது. பயணிகளின் பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட குடில் அது. ஆனால் 'அங்கே குடில் இருக்கிறது' என்ற எண்ணமே, போகத்தகாத நாளில் போகத்தகாத உயரத்திற்கு மக்களை இழுத்தது. பனி மூடிவிட்டால் அந்தச் சிறு குடிலைக் கண்டுபிடிப்பதே உயிரைப் பணயம் வைக்கும் வேலையாயிற்று. முடிவில், 1975இல் அக்குடில் அகற்றப்பட்டது.

பிரியமானவர்களே, இங்கே நான் சற்று நின்றேன். நமக்கும் இப்படிப்பட்ட குடில்கள் உண்டல்லவா? 'ஜெபித்துவிட்டுப் போகிறோம், ஊழியத்திற்காகப் போகிறோம், ஆகவே ஒன்றும் நேரிடாது' என்ற எண்ணம் சிலவேளை நமக்கு அப்படிப்பட்ட ஒரு குடிலாகிவிடுகிறது. ஜெபத்தின்மேல் உள்ள நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. வானிலையைக் கேட்டறிவதற்குப் பதிலாக ஜெபத்தை வைக்கும் பழக்கத்தையே சொல்லுகிறேன். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தப்பட்ட நம் ஆண்டவர், தூதர்கள் தாங்குவார்கள் என்ற வாக்கை நம்பிக் கீழே குதிக்கவில்லை. அப்படிக் குதிப்பது பிதாவைச் சோதிப்பதாகும் என்று மறுத்துவிட்டார். நம் வேதாகமத் தமிழில் 'துணிகரம்' என்னும் ஒரு சொல் உண்டு. துணிவு புண்ணியம், துணிகரமோ பாவங்களின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு எங்கே என்று காட்ட, இன்னும் இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும்.

1993 மார்ச் 22. இங்கிலாந்தின் தென்கரையில் லைம் விரிகுடா. பிளிமத் நகரத்துப் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேரும் அவர்களுடைய ஆசிரியரும், ஒரு தனியார் சாகச மையத்தின் இரண்டு பயிற்றுநர்களோடு கயாக் என்னும் சிறு படகுகளில் புறப்பட்டனர். கரையோரமாக லைம் ரீஜிஸ் முதல் சார்மவுத் வரை ஒரு குறுகிய பயணம். நண்பகலுக்குள் முடிந்திருக்க வேண்டியது. புறப்பட்ட சிறிது நேரத்தில் ஆசிரியரின் படகு கவிழ்ந்தது. மறுபடியும் மறுபடியும் கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவரோடு தங்கிவிட்டார். மற்றவரோடு இருந்த எட்டு மாணவர்களைக் கரையிலிருந்து வீசிய காற்று உட்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. அலைகள் படகுகளை நிரப்பின. அபாய ஒளிச்சுடர்கள் அவர்களிடம் இல்லை. குறித்த நேரத்தில் அவர்கள் திரும்பாதபோதும், கடலோரக் காவலருக்குச் செய்தி பல மணிநேரம் தாமதமாகவே போயிற்று. குளிர்ந்த நீரில் நெடுநேரம் கிடந்த அப்பிள்ளைகளில் நால்வர் உயிரிழந்தனர்.

அலையும் காற்றும் செய்த வேலை இது என்று சொல்லி அதை முடித்திருக்கலாம். ஆனால் விசாரணையில் ஒரு கடிதம் வெளிப்பட்டது. அதற்கு முந்தின ஆண்டிலேயே அந்த மையத்தில் பணியாற்றிய இரு பயிற்றுநர்கள், பாதுகாப்பு ஏற்பாடுகள் போதாது என்று நிர்வாகத்தை எச்சரித்து எழுதி, வேலையை விட்டு விலகியிருந்தார்கள். எச்சரிப்பு கேட்கப்பட்டது, ஏற்றுக்கொள்ளப்படவில்லை. 1994 டிசம்பரில் நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் மனிதக்கொலைக் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். ஆங்கிலேயச் சட்ட வரலாற்றில் ஒரு நிறுவனம் அக்குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டது அதுவே முதல்முறை என்று கூறப்படுகிறது. பிளிமத் நகரத்து நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஜேமிசன் கொண்டுவந்த மசோதா, 1995இல் சட்டமாயிற்று. அதன்படி, இளையோருக்குச் சாகசப் பயிற்சி தரும் மையங்கள் உரிமம் பெறவேண்டிய நிலை உண்டாயிற்று.

அந்தக் கடிதத்தைப் பற்றி வாசித்தபோது அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம் என் நினைவுக்கு வந்தது. கடற்பயணத்திற்குரிய காலம் கடந்துவிட்டது, இப்பொழுது புறப்பட்டால் சேதம் உண்டாகும் என்று பவுல் எச்சரிக்கிறார். நூற்றுக்கு அதிபதியோ, கைதியின் பேச்சைவிட மாலுமியின் பேச்சையும் கப்பல் எஜமானின் பேச்சையும் பெரிதாக எண்ணுகிறான். தென்றல் மெதுவாய் வீசுகிறது, எல்லாம் நன்றாய் இருப்பதுபோலத் தோன்றுகிறது, நங்கூரம் எடுக்கப்படுகிறது. பின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அக்கப்பலில் இருந்த 276 பேரும் தேவகிருபையால் தப்பினார்கள். ஆனால் அவர்கள் தப்பியது, புறப்பட்டது சரி என்பதற்குச் சான்று ஆகாது. சென்ற ஆண்டு முகாமிலிருந்து பிள்ளைகள் சுகமாய்த் திரும்பினார்கள் என்பதனால், சென்ற ஆண்டின் ஏற்பாடுகள் சரியாயிருந்தன என்று நாமும் முடிவு செய்யக்கூடாது.

இனி மூன்றாவது சம்பவம். இது நம்மைப்போன்ற ஒரு விசுவாசக் குடும்பத்தைப் பற்றியது. 2008 ஏப்ரல் 15. நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து எலிம் கிறிஸ்தவக் கல்லூரி என்னும் பள்ளியின் மாணவர்கள் பத்துப் பேர், தங்கள் ஆசிரியரோடும் ஒரு இளம் பயிற்றுநரோடும் மங்கடெபோபோ என்னும் ஆற்றுக் கணவாய்க்குள் இறங்கினார்கள். அந்த மையம் எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹிலரியின் பெயரைத் தாங்கியது. நல்ல பெயர் பெற்றது. அன்று கனமழை பெய்தது. இருபுறமும் செங்குத்தான பாறைகளுக்கு நடுவே தண்ணீர் வேகமாய் உயர்ந்தது. அவர்கள் ஒரு பாறைத் திட்டில் ஒதுங்கினார்கள். தண்ணீர் அங்கேயும் எட்டியது. நீந்தத் தெரிந்தவர்களைப் பலவீனமானவர்களோடு இணைத்து, ஒவ்வொரு ஜோடியாக வெள்ளத்தில் இறக்கி, கீழ்ப்பகுதியில் பிடித்துக் கரையேற்றப் பயிற்றுநர் முயன்றார். ஆறு மாணவர்களும் ஆசிரியரும் மரித்தார்கள். தன்னால் நீந்திக் கரையேற இயலாத ஒரு மாணவனோடு தம்மைப் பிணைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியவர் அந்த ஆசிரியர். இருவரும் திரும்பவில்லை.

துக்கத்தின் நடுவே அந்தப் பள்ளியும் குடும்பங்களும் பயிற்றுநரையும் மையத்தையும் மன்னிப்பதாக வெளிப்படையாக அறிவித்தன. அந்நாடு முழுவதும் அதைக் கண்டு வியந்தது. பிரசங்கங்களில் இதுவரைக்கும்தான் நாம் சொல்லுவோம். ஆனால் அதற்குப்பின் நடந்ததும் சமமாய் முக்கியமானது. மன்னிப்பு விசாரணையை நிறுத்தவில்லை. மையம் நீதிமன்றத்தில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதமும் குடும்பங்களுக்கு ஈட்டுத்தொகையும் விதிக்கப்பட்டன. மரண விசாரணை அதிகாரி ஒவ்வொரு மணிநேரத்தையும் ஆராய்ந்து, வானிலையைக் கவனித்த விதத்திலும், அக்கணவாயைப் பற்றிய பயிற்றுநரின் அனுபவக் குறைவிலும் இருந்த தவறுகளைப் பதிவுசெய்தார். பிள்ளையை இழந்த பெற்றோரிடமிருந்தே, இனி இன்னொரு பிள்ளைக்கு இப்படி நேரிடாதபடி இத்துறை திருத்தப்படவேண்டும் என்ற குரல் எழுந்தது.

இதை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். அந்தப் பெற்றோர் 'தேவசித்தம்' என்று சொல்லி மூடிவிடவில்லை. கசப்பிலும் விழவில்லை. மன்னிக்கவேண்டிய மனிதரை மன்னித்தார்கள்; வெளிப்படவேண்டிய உண்மையை வெளிப்படுத்த இடங்கொடுத்தார்கள். நம்மிடையே ஒரு விபத்து நேரிட்டால் என்ன சொல்லுகிறோம்? முப்பது ஆண்டு ஊழியத்தில் எத்தனையோ துக்கவீடுகளில் நானும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். மனிதர் செய்யத் தவறியதைத் தேவனுடைய கணக்கில் எழுதுவது விசுவாசம் அல்ல. சில வேளைகளில் அது அவருடைய நாமத்தை வீணிலே வழங்குவதாகவும் ஆகிவிடும்.

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்குத் திரும்புவோம். ஆபத்தை ஏற்பது என்றால் என்ன? நான் வாசித்தவற்றிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டேன். தனக்காக ஆபத்தை ஏற்பது ஒரு காரியம். பிறருடைய பிள்ளைக்காக ஆபத்தை ஏற்பது முற்றிலும் வேறு காரியம். முதலாவதற்குத் துணிவு போதும். இரண்டாவதற்கு, ஆபத்து இன்னதென்று அறிந்திருக்கவேண்டும், அதைப் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் மறையாமல் சொல்லியிருக்கவேண்டும், குறைக்கக்கூடியதைக் குறைத்திருக்கவேண்டும், எச்சரிப்பவருடைய குரலைக் கேட்டிருக்கவேண்டும், திரும்பிப் போகலாம் என்று சொல்ல வெட்கப்படாத தலைவர் ஒருவர் இருக்கவேண்டும். இவை அனைத்தையும் செய்தபின்னும் மீந்திருக்கும் ஒரு பகுதி உண்டு. அதைத்தான் நாம் தேவனுடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். செய்யாமல் விட்டதையும் சேர்த்து ஒப்புக்கொடுத்தால் அது துணிகரம்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம்முடைய சம்மதப் படிவத்தை மறுபடியும் வாசித்தேன். எனக்கு வெட்கமாயிருந்தது. ஓடையைக் கடக்கக் கயிறு கட்டுபவர் யார், அவருக்கு என்ன பயிற்சி உண்டு என்று அதில் இல்லை. மேல்மலையில் மழை பெய்தால் நமக்கு யார் சொல்லுவார் என்று இல்லை. அருகிலுள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இல்லை. கடைசி வரியில் மட்டும், முகாமில் நேரிடும் எந்த அசம்பாவிதத்திற்கும் சபை பொறுப்பல்ல என்று தெளிவாக இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு, ஏதோ ஒரு பழைய படிவத்தைப் பார்த்து நானே எழுதிய வரி அது. அந்தத் தாயிடம் நான் கேட்டது என்ன? நான் அறியாத ஆபத்தை, அவர் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும்படி கேட்டிருக்கிறேன்.

ஆகவே படிவங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். வாலிபர் சங்கத்துச் சகோதரர்கள் இருவரோடும், அவ்வூர்க்காரர் ஒருவரோடும் நானே அந்தப் பாதையில் நடந்து பார்த்தேன். என் வயதுக்கு அது எளிதாயிருக்கவில்லை. ஓடையண்டை போய் நின்றபோது, வெயில் காலத்தில் முழங்கால் அளவு ஓடும் தண்ணீர், மேலே மழை பெய்தால் கால் நாழிகைக்குள் ஆள் உயரத்திற்கு வரும் என்று அந்த ஊர்க்காரர் சொன்னார். கயிறு கட்டத் தெரிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. ஓடை கடத்தலை நீக்கிவிட்டோம். மலையேற்றத்தை நீக்கவில்லை. வனத்துறையின் அனுமதி, வழிகாட்டி, முதலுதவி அறிந்த இருவர், காலையில் வானிலை கேட்டபின்பே புறப்படுதல், நண்பகலில் எங்கே இருந்தாலும் திரும்புதல் ஆகியவற்றை எழுதிச் சேர்த்தோம். இவற்றுக்குப் பின்னும் கால் சறுக்கலாம், பூச்சி கடிக்கலாம், இரவில் குளிரலாம், பிள்ளை வீட்டை நினைத்து அழலாம் என்பதையும் எழுதினோம். பிள்ளை தன் சுமையைத் தானே சுமக்கும், களைத்த தோழனுடைய சுமையையும் சிறிது சுமக்கும், தான் நினைத்ததைவிடத் தன்னால் கூடும் என்று அறிந்துகொண்டு இறங்கும் என்ற நம்பிக்கையையும் எழுதினோம். அதற்காகத்தானே போகிறோம்.

பொறுப்பல்ல என்ற வரியை அடித்துவிட்டேன். அதனிடத்தில் என் பெயரையும், முகாமை நடத்தும் இருவருடைய பெயர்களையும் எழுதிக் கையெழுத்திட்டோம். பெற்றோர் கையெழுத்திடும் இடம் அதற்குக் கீழே இருக்கிறது.

புதிய படிவத்தைச் சென்ற ஞாயிறு அந்தச் சகோதரியிடம் கொடுத்தேன். "ஒன்றும் ஆகாது என்று என்னால் சொல்ல முடியாது, அம்மா. என்ன ஆகலாம் என்றும், அதற்காக நாங்கள் என்ன செய்திருக்கிறோம் என்றும் இதில் இருக்கிறது. வாசித்துவிட்டுத் தீர்மானியுங்கள். அனுப்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை" என்றேன். அவர் நின்றபடியே முழுவதையும் வாசித்தார். இரண்டு கேள்விகள் கேட்டார். ஒன்றுக்கு என்னிடம் பதில் இருந்தது. மற்றொன்றுக்கு இல்லை; கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் இன்னும் கையெழுத்திடவில்லை.

உங்களில் மற்றவர்களுக்கும் இவ்வாரம் அந்தப் படிவம் வந்து சேரும். வாசித்துப் பாருங்கள். கேட்கவேண்டியதைத் தயங்காமல் கேளுங்கள். எச்சரிக்கவேண்டியது ஏதேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், இப்பொழுதே சொல்லுங்கள். கேட்க நாங்கள் ஆயத்தமாயிருக்கிறோம்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.